நாயகனை நடுவில் கொல்லலாமா?

கேள்வி: ஐந்து பாகங்களாக ஒரு ஃபேன்டசி தொடர் எழுதி வருகிறேன். இரண்டாம் பாகத்தின் முடிவில் நாயகனைச் சாகடிக்க நினைக்கிறேன். அப்படிச் செய்தால் வாசகர்கள் தொடரையே விட்டுவிடுவார்கள் என்கிறார்கள் நண்பர்கள். கொல்லலாமா, கூடாதா?

பதில்: கொல்லலாம். ஆனால் மறுநாள் காலையில் கதையைத் தூக்கிச் சுமக்கப்போவது யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆள்மேல் வாசகருக்கு இப்போதே பிரியம் வந்திருக்க வேண்டும்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ (1996) நாவலைப் பார்ப்போம். (இனிமேல்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிவிடுங்கள்.) நாயகன் என்று நாம் நம்பிய நெட் ஸ்டார்க், முதல் பாகத்திலேயே தலை வெட்டப்பட்டுச் சாகிறார். பலருக்கும் அந்த அதிர்ச்சிதான் நினைவில் நிற்கிறது. இரண்டாம் முறை படித்தபோது எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. கதையின் தொடக்கத்தில், எல்லைக் காவல் படையை விட்டு ஓடிப்போன ஒருவனை நெட் தன் வாளாலேயே வெட்டுகிறார். தீர்ப்புச் சொல்கிறவனே வாளையும் வீச வேண்டும் என்று மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். கடைசியில் அதே வாளால்தான் அவர் தலையும் போகிறது. ஆனால் தீர்ப்புச் சொன்ன இளம் அரசன் வாளைத் தொடுவதே இல்லை, ஆளை ஏவுகிறான். தனக்குத் தெரிந்த ரகசியத்தை அரசியிடமே போய்ச் சொல்லி, அவள் பிள்ளைகளோடு தப்பிக்க அவகாசம் கொடுத்தாரே, அந்த இரக்கம்தான் நெட்டை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. ஆசிரியர் பிடித்துத் தள்ளியதாக எங்குமே தோன்றாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு அத்தியாயமும் ஒருவருடைய பார்வையில் நகர்வதால், நெட்டின் மகள்கள் ஆர்யாவோடும் சான்சாவோடும் நாம் முன்பே வாழத் தொடங்கிவிடுகிறோம். அப்பா போனதும் ஒருத்தி ஆண்பிள்ளை வேடத்தில் தப்பி ஓடுகிறாள், இன்னொருத்தி எதிரியின் அரண்மனையில் மாட்டிக்கொள்கிறாள், அண்ணன் ராப் வடக்கின் அரசனாகிறான். புத்தகத்தை எப்படி மூடி வைக்க முடியும்?

திடீர்த் திருப்பம் வேண்டும் என்பதற்காகச் சாவை ஒளித்துவைக்காதீர்கள். கர்ண மோட்சம் கூத்து பார்க்க உட்காருகிறவர்களில் கர்ணன் சாவான் என்று தெரியாதவர் யார்? தெரிந்தும் விடிய விடியப் பார்க்கிறோம், அழுகிறோம். அர்ஜுனனின் மகன் அபிமன்யு பாரதப் போரின் 13ஆம் நாள் சாகிறான். சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன் என்று அர்ஜுனன் சபதம் எடுக்க, மறுநாள் போர் முழுவதும் அந்தச் சபதத்தைச் சுற்றியே நடக்கிறது. உங்கள் நாயகன் செத்தபிறகு யார் என்ன சபதம் எடுக்கிறார், யார் உடைகிறார், யாருக்கு உள்ளூர நிம்மதி? மூன்றாம் பாகத்தின் கதை அங்கேதான் இருக்கிறது.

சரி, மந்திரத்தால் திரும்ப உயிர்ப்பிக்கலாமா? ஃபேன்டசியில் இந்த ஆசை வராமல் இருக்காது. டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் மந்திரவாதி கேண்டால்ஃப் மோரியா சுரங்கத்தின் ஆழத்தில் விழுந்து, பிறகு திரும்பி வருகிறார். நாம் அதை ஏற்றுக்கொள்கிறோம். ஏனென்றால் அதற்குள் அவரோடு பயணம் வந்த கூட்டம் சிதறிவிட்டது, அதில் ஒருவனான போரோமிர் இறந்துவிட்டான். அதே கூட்டத்தைச் சேர்ந்த ஃப்ரோடோவும் சாமும் கேண்டால்ஃப் இறந்துவிட்டார் என்ற நம்பிக்கையோடுதான் எதிரியின் நாடான மோர்டோர்வரை நடக்கிறார்கள். அவர் திரும்பியும் அந்த இருவருக்கு இழப்பு குறையவில்லை. இப்படி ஒரு விலை இல்லாமல் ஒருவரைத் திருப்பிக் கொண்டுவந்தால், அடுத்த சாவுக்கு எந்த வாசகரும் கலங்க மாட்டார்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சாவுக் காட்சியை இப்போதைக்கு எழுத வேண்டாம். மூன்றாம் பாகத்தின் முதல் மூன்று அத்தியாயங்களை, அவன் இல்லாமல், எழுதிப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் அவன் நினைவுகளுக்கே பேனா திரும்பினால், அவனைச் சாகவிட நீங்கள் இன்னும் தயாராகவில்லை. அப்போது இரண்டாம் பாகத்துக்குத் திரும்பிப் போய், அவனுக்குப் பிறகு நிற்கவேண்டியவளுக்கோ நிற்கவேண்டியவனுக்கோ இன்னும் நாலைந்து அத்தியாயம் கொடுங்கள்.