திரைப்பதிவு மென்பொருள்: பணம் கட்டுவதற்கு முன்பும் பின்பும்

கேள்வி: கணக்குப் பதிவு மென்பொருளைக் கற்பிக்கும் காணொளிப் பாடங்களைத் தயாரிக்க இருக்கிறேன். திரையைப் பதிவு செய்யக் கட்டண மென்பொருள் வாங்கத்தான் வேண்டுமா, இலவசமாகக் கிடைப்பவை போதுமா?

பதில்: திரையைப் பதிவு செய்வதற்கு மட்டும் என்றால் நீங்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11-இல் உள்ள ஸ்னிப்பிங் டூல் திரையைக் காணொளியாகவும் பதிவு செய்யும். மேக் கணினியில் ஷிஃப்ட், கமாண்ட், 5 ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பதிவுக் கருவி திறந்துகொள்ளும். விண்டோஸில் உள்ள எக்ஸ்பாக்ஸ் கேம் பாரைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் அது ஒரு செயலியின் சாளரத்தை மட்டுமே பதிவு செய்யும். டெஸ்க்டாப்பையும் கோப்புறைகளைத் திறக்கும் எக்ஸ்புளோரரையும் பதிவு செய்யாது. கணக்கு மென்பொருளிலிருந்து கோப்புறைக்கும், அங்கிருந்து உலாவிக்கும் மாறி மாறிச் செல்லும் பாடத்துக்கு அது பொருந்தாது.

இவற்றைவிட விரிவான கட்டுப்பாடு வேண்டுமென்றால் ஓ.பி.எஸ். ஸ்டுடியோவைப் பயன்படுத்தலாம். 2012-இல் முதன்முதலாக வெளிவந்த இந்தத் திறந்த மூல மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. இதில் கால வரம்பும் இல்லை, காணொளியின்மேல் மென்பொருளின் முத்திரையாகப் பதியும் வாட்டர்மார்க்கும் இல்லை. நேரலை ஒளிபரப்பை முதன்மையாகக் கருதி உருவாக்கப்பட்டதால், முதல் முறை திறந்ததும் வெறும் கறுப்புத் திரைதான் தெரியும். எந்தத் திரை, எந்த மைக், எந்தக் கேமரா என்று ஒவ்வொன்றையும் நாம்தான் சேர்க்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினால் போதும்.

அப்படியானால் கட்டண மென்பொருளுக்கு எதற்காகப் பணம் கொடுக்கிறோம்? பெரும்பாலும் எடிட்டிங்குக்காகத்தான். விண்டோஸிலும் மேக்கிலும் இயங்கும் கேம்டேசியா, மேக்கில் மட்டும் இயங்கும் ஸ்கிரீன்ஃப்ளோ போன்றவற்றில் பதிவும் எடிட்டிங்கும் ஒரே இடத்தில் நடக்கின்றன. அதைவிட முக்கியமாக, கேம்டேசியா மவுஸ் சுட்டியைப் படத்தோடு கலந்துவிடாமல் தனித் தரவாக வைத்துக்கொள்கிறது. அதனால் பதிவு முடிந்த பிறகும் சுட்டியைப் பெரிதாக்கலாம், அதன் தடுமாற்றத்தைச் சீராக்கலாம், சொடுக்கும் இடத்தில் ஒரு வட்டம் தோன்றச் செய்யலாம். ஓ.பி.எஸ். பதிவில் சுட்டி படத்துடன் ஒன்றாகிவிடுவதால் பிறகு அதைத் தனியே தொட முடியாது. மாதம் ஒரு பாடம் என்றால் ஓ.பி.எஸ். பதிவும், எடிட்டிங்குக்கு ஷாட்கட் அல்லது டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும் போதும் என்பது என் கருத்து. வாரம் இரண்டு மூன்று பாடங்கள் என்றால், மிச்சமாகும் எடிட்டிங் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்துக் கட்டண மென்பொருளைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: நான் பார்க்கும் மென்பொருள் சந்தா முறையிலும் கிடைக்கிறது, ஒரே முறை பணம் கட்டும் உரிமமாகவும் கிடைக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: விலையை ஒப்பிடுவதற்கு முன், சந்தா முடிந்த மறுநாள் என்ன நடக்கும் என்று விற்பவரிடம் கேளுங்கள். பல மென்பொருள்களின் திட்டக் கோப்புகளை, அதாவது எடிட்டிங் வேலையைச் சேமித்து வைக்கும் கோப்புகளை, அதே மென்பொருளில் மட்டுமே திறக்க முடியும். சந்தா நின்றபின் அவற்றைத் திறந்து ஒரு சொல்லைத் திருத்தவும் வழியில்லாமல் போகலாம். பாடங்களைப் புதுப்பிக்க வேண்டிய உங்களுக்கு இது சிறிய விஷயம் அன்று. எந்த மென்பொருளை வாங்கினாலும் மூலப் பதிவையும் முடித்த காணொளியையும் பொதுவான எம்.பி.4 வடிவத்தில் தனியே சேமித்து வையுங்கள்.

ஒரே முறை வாங்கும் உரிமமும் பெரும்பாலும் அந்தப் பதிப்புக்கு மட்டுமே செல்லும். இயங்குதளம் மாறும்போது பழைய பதிப்பு தகராறு செய்யக்கூடும். உரிமம் எத்தனை கணினிகளுக்கு, சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா என்பதையும் எழுத்தில் பார்த்துவிடுங்கள். சோதனைக் காலத்தில் பொத்தான்களை அழுத்திப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், பத்து நிமிடப் பாடம் ஒன்றைப் பதிவிலிருந்து இறுதிக் கோப்பு வரை முழுமையாகச் செய்து முடியுங்கள். வாட்டர்மார்க் இருப்பது சில மென்பொருள்களில் கடைசியாக ஏற்றுமதி செய்யும்போதுதான் தெரியவரும்.

கேள்வி: என் கணினியில் தெளிவாகத் தெரியும் எழுத்துகள் மாணவர்களின் கைபேசியில் மங்கலாகவும் பொடியாகவும் தெரிகின்றன. வேறு மென்பொருள் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இந்தக் குறையுடன் மென்பொருளை மாற்றிப் பணத்தை இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அதனால்தான் சற்று விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலான கைபேசிக் காணொளிகளில் சிக்கல் திரையின் அளவில்தான் இருக்கிறது. 3840க்கு 2160 புள்ளிகள் கொண்ட 4கே திரையைப் பதிவு செய்து 1920க்கு 1080 ஆகச் சுருக்கினால், ஒவ்வோர் எழுத்துக்கும் கிடைக்கும் புள்ளிகள் உயரத்திலும் அகலத்திலும் பாதியாகின்றன. அதன் பிறகு அது கைபேசியின் உள்ளங்கை அளவுக்கு வந்து சேர்கிறது.

எனவே திரையையே 1920க்கு 1080 என்று அமைத்து, பதிவின் அளவையும் வெளியீட்டின் அளவையும் அதே எண்ணில் வையுங்கள்; இடையில் எங்கும் சுருக்கமோ விரிவோ நடக்காது. பிறகு விண்டோஸின் காட்சி அமைப்பில் உள்ள அளவை 150 விழுக்காடாக உயர்த்துங்கள். 1280க்கு 720 அளவுத் திரையில் கொள்ளும் அளவே உங்களுக்கு இடம் கிடைக்கும். ஆனால் எழுத்துகள் ஒன்றரை மடங்கு பெரிதாகிவிடும். இடம் குறைவதும் நன்மைக்கே, ஏனெனில் மாணவரின் கண் தேட வேண்டிய பரப்பும் குறைகிறது. ஒரு மூலையை மட்டும் காட்ட வேண்டிய நேரத்தில், மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் ஜூம்இட் என்ற சிறு கருவியைப் பயன்படுத்தலாம். கன்ட்ரோலையும் 1-ஐயும் அழுத்தினால் திரை பெரிதாகும், அதன்மேல் கோடு வரையவும் முடியும்.

நிறத்தையும் கவனியுங்கள். வழக்கமான காணொளி வடிவங்களில் ஒளிர்வு ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே சேமிக்கப்படுகிறது; நிறமோ நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் சேமிக்கப்படுகிறது. அதனால் வெள்ளையில் கறுப்பு எழுத்து கூர்மையாக நிற்கும்போது, நீலத்தின்மேல் சிவப்பு எழுத்து ஓரம் கரைந்து தெரியும். இதை எந்தக் கட்டண மென்பொருளும் மாற்றிவிடாது, உங்கள் திரையின் நிறத் தேர்வுதான் மாற்றும்.

விநாடிக்கு 30 ஃபிரேம் (தனிப்படம்) என்பது மென்பொருள் பாடங்களுக்குத் தாராளம். 1080 புள்ளி உயரமும் 30 ஃபிரேமும் கொண்ட காணொளிக்கு யூடியூப் பரிந்துரைக்கும் பிட் வீதம் (ஒரு விநாடிக் காணொளிக்குச் செலவாகும் தரவின் அளவு) விநாடிக்கு 8 மெகாபிட். அதாவது விநாடிக்கு ஒரு மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிகாபைட். அந்தக் கணக்கை வைத்து வட்டில் இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். முதல் பாடத்தை இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும் வகையில் பதிவேற்றி, கைபேசியை ஒரு கை தூரத்தில் பிடித்துப் படித்துப் பாருங்கள். மெனுவில் உள்ள சொற்களைச் சிரமமின்றிப் படிக்க முடியவில்லையென்றால், எழுத்தின் அளவை இன்னும் கூட்டுங்கள்.

கேள்வி: நாற்பது நிமிடம் பதிவு செய்தபின் கணினி திடீரென நின்றுவிட்டது. எம்.பி.4 கோப்பு இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை. இன்னொரு பதிவிலோ குரல் படத்தைவிட்டு மெல்ல மெல்ல விலகிப் போகிறது. மென்பொருளில் குறையா?

பதில்: இவை இரண்டு வெவ்வேறு காரணங்கள். வழக்கமான எம்.பி.4 கோப்பின் உள்ளடக்க அட்டவணை, பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படுகிறது. அதற்கு முன்பே மின்சாரம் போனால் கோப்பைப் படிக்க வழி தெரியாமல் போகிறது. எம்.கே.வி. வடிவத்தில் பதிவு செய்தால் நின்ற இடம் வரையாவது மிஞ்சும். ஓ.பி.எஸ். அதைத் தரம் குறையாமல் சில விநாடிகளில் எம்.பி.4 ஆக மாற்றித் தரும்.

குரல் விலகுவதற்குப் பெரும்பாலும் காரணம், ஃபிரேம் வேகம் சீராக இல்லாத பதிவு. திரையில் அசைவு இல்லாதபோது குறைவான ஃபிரேம்களை எழுதும் கருவிகளும் கைபேசிகளும் இப்படிச் செய்கின்றன. எடிட்டிங் மென்பொருளோ சீரான வேகத்தை எதிர்பார்க்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கருவியில் நிலையான ஃபிரேம் வேகத்தைத் தேர்ந்தெடுத்து மாற்றிய பிறகு எடிட்டிங்கைத் தொடங்குங்கள்.

கேள்வி: மடிக்கணினியில் உள்ள மைக் போதுமா?

பதில்: போதாது. மென்பொருளில் மிச்சப்படுத்தும் பணத்தை நல்ல யூ.எஸ்.பி. மைக் ஒன்றுக்குக் கொடுங்கள். படம் சற்று மங்கினாலும் மாணவர் பொறுத்துக்கொள்வார், குரல் எதிரொலித்தால் பாடத்தையே நிறுத்திவிடுவார். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து, திரைச்சீலையும் துணிகளும் உள்ள அறையில் பேசுங்கள், ஓ.பி.எஸ். ஒலி அளவுகோலில் உங்கள் பேச்சு மஞ்சள் பகுதியில் நிற்கட்டும். குரலையும் கணினியின் ஒலியையும் தனித்தனி ஒலித்தடங்களில் பதிவு செய்தால், பிறகு ஒன்றை மட்டும் குறைக்கலாம்.

கேள்வி: பாடத்தின் நடுவே என் தனிப்பட்ட செய்தி ஒன்று திரையில் தோன்றிவிட்டது. இனி இதைத் தவிர்ப்பது எப்படி?

பதில்: பாடங்களுக்கென்றே கணினியில் தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள், அதில் மின்னஞ்சலோ அரட்டைச் செயலியோ கடவுச்சொல் சேமித்த உலாவியோ இருக்கக் கூடாது. கணக்குப் பாடம் என்பதால், உண்மையான வாடிக்கையாளரின் தரவுக்குப் பதில் கற்பனையான பெயர்களும் தொகைகளும் கொண்ட மாதிரி நிறுவனம் ஒன்றை அமைத்துக்கொள்வது அவர்களுக்கு நீங்கள் செய்யும் கடமை. ஏற்கெனவே யூடியூபில் வெளியாகிவிட்ட பாடத்துக்கு, அதே இணைப்பில் வேறு கோப்பை மாற்றி வைக்க முடியாது. ஆனால் யூடியூப் ஸ்டுடியோவின் எடிட்டரில் அந்தப் பகுதியை வெட்டவோ மங்கலாக்கவோ முடியும். அது முடியும் வரை காணொளியைத் தனிப்பட்டதாக மாற்றி வையுங்கள்.