முள்ளுக்கு 100, வண்டிக்கு 83

கேள்வி: கேபிளில் ஓடும் வேக மீட்டர் உள்ள பழைய பின்சக்கர ஓட்டக் கார் என்னுடையது. பின் அச்சில் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனில் 3.08 ரேஷியோ இருந்ததை (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 3.08 சுற்று) எடுத்துவிட்டு 3.73 போட்டேன். இழுவை பிரமாதம், ஆனால் மீட்டர் தாறுமாறாக ஏறுகிறது. முள்ளைக் கழற்றிக் கொஞ்சம் பின்னால் தள்ளிச் செருகினால் போதும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: வேண்டாம். 3.73-ஐ 3.08-ஆல் வகுத்தால் 1.21 வரும். சக்கரம் ஒரு சுற்று சுற்ற கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட் முன்பைவிட 21 சதவீதம் கூடுதலாகச் சுற்றுகிறது, மீட்டர் கேபிள் அங்கிருந்துதான் கிளம்புகிறது என்பதால் அதுவும் அப்படியே. ஆக முள் 40-ல் நிற்கும்போது நிஜ வேகம் 33, 100-ல் நிற்கும்போது 83. முதலாவதில் 7 பிசகு, இரண்டாவதில் 17. முள்ளை எவ்வளவு தள்ளி வைப்பீர்கள்? ஒரு வேகத்துக்குச் சரியாக வைத்தால் மற்ற எல்லா வேகத்திலும் பொய் சொல்லும்.

மீட்டருக்குள் இருக்கும் சுருள்வில்லைத் திருகிச் சரிசெய்கிறவர்களும் உண்டு. கேபிள் சுற்றும் காந்தம் ஓர் அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்க, அதை அந்த வில் பிடித்து நிறுத்துகிறது, முள் நகர்வது அதனால்தான். வில்லை மாற்றினால் முள் வேண்டுமானால் வழிக்கு வரும். கிலோமீட்டர் எண்ணும் சக்கரங்கள் பற்களால் கேபிளோடு நேராகக் கோத்தவை, அவை 100 ஓடினால் 121 என்றுதான் எழுதிக்கொண்டிருக்கும். ஆயில் மாற்றும் கணக்கு, மைலேஜ் கணக்கு எல்லாம் போச்சு.

சரி, எங்கே கை வைப்பது? கேபிள் கியர்பாக்ஸில் போய்ச் சேரும் இடத்தைக் கழற்றிப் பாருங்கள். நுனியில் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்று இருக்கும், பெரும்பாலும் கலர் கலராக வரும், ஒவ்வொரு கலருக்கும் ஒரு பல் எண்ணிக்கை. பழையதில் 18 பல் என்றால் 18-ஐ 1.21-ஆல் பெருக்குங்கள், 21.8 வருகிறது, 22 பல் போட்டால் மிச்சப் பிசகு ஒரு சதவீதம்கூட இல்லை. சில கியர்பாக்ஸ்களில் இந்தச் சக்கரம் உட்காரும் ஹவுசிங்கின் துளை நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும், பல் கூடினால் ஹவுசிங்கையும் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும். அதை மறந்து பழைய நிலையிலேயே இறுக்கினால் புதுப் பற்கள் மழுங்கிவிடும். உங்கள் கியர்பாக்ஸுக்கு 22 பல் கிடைக்கவே இல்லையென்றால், கேபிளின் நடுவில் கோக்கும் சின்ன ரேஷியோ பெட்டி ஒன்று உண்டு, அதைத் தேடுங்கள்.

அதற்கு முன்னால், போட்டது நிஜமாகவே 3.73 தானா என்று பாருங்கள். டப்பாவில் எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை. கியரை நியூட்ரலில் வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றை முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். இரண்டு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியலில் இந்த இரண்டு சுற்றுதான் கணக்கில் ஒரு சுற்று. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தால் மூன்றே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும்.

வேலை முடிந்ததும் சாலையோரக் கிலோமீட்டர் கல்லை வைத்து 10 கிலோமீட்டர் ஓட்டி, கிலோமீட்டர் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள், முள்ளை அல்ல. மீட்டர் முள் வேகத்தைக் குறைத்துக் காட்டவே கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்பது பல நாடுகளில் விதி. அதனால் கம்பெனி மீட்டரே சற்று மிகைப்படுத்தும்.

கேள்வி: என் காரில் எல்லாம் எலக்ட்ரானிக். ரேஷியோ மாற்றினால் நானும் இதையெல்லாம் செய்ய வேண்டுமா?

பதில்: வேகத்தை எங்கிருந்து எடுக்கிறது என்பதைப் பொறுத்தது. சக்கரத்தில் உள்ள ஏபிஎஸ் (பிரேக் பூட்டாமல் காக்கும் அமைப்பு) சென்சாரிலிருந்து என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், டயர் அளவை மாற்றினால்தான் வம்பு. கியர்பாக்ஸ் சென்சார் என்றால், கிரவுன் பினியனுக்கு முன்னாலேயே வேகத்தை எடுக்கிறதா என்று பாருங்கள். எடுத்தால் வண்டியின் கம்ப்யூட்டரான ஈசியூவில் புது ரேஷியோவைப் பதிய வேண்டும், அது முடியாத வண்டிக்குச் சென்சார் அனுப்பும் துடிப்பைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி போடலாம். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் அந்தப் பெட்டியை எந்த இடத்தில் போடுவது என்பதை உங்கள் வண்டிக்கு விசாரித்துவிட்டுப் போடுங்கள். கியர் எப்போது மாற வேண்டும் என்பதையும் ஈசியூ அதே சிக்னலைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. அப்புறம், நீங்கள் மாற்றியது கியர்பாக்ஸுக்கு உள்ளே இருக்கும் முதல், இரண்டாம் கியர் மட்டும் என்றால் மீட்டருக்கு அது தெரியவே தெரியாது.