ஸ்கேன் நார்மல் என்றால் நோய் இல்லையா?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. இரவில் கடையைப் பூட்டிவிட்டு மேலூர் பேருந்து நிலையம் வரை வந்தவன், பூட்டினோமா என்ற சந்தேகத்தில் மூன்று நான்கு முறை திரும்பிப் போகிறான். வீட்டுக்கு வந்தபின், “சிலிண்டரை மூடிட்டீங்களாம்மா?” என்று தூங்கும்வரை கேட்கிறான். மருத்துவர் இதை ஓசிடி, அதாவது எண்ணச் சுழற்சி நோய் என்கிறார். இந்த நோய் உள்ளவர்களுக்கு மூளையின் அமைப்பே வேறு என்று படித்துப் பயந்து மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். நார்மல் என்று அறிக்கை வந்தது. அப்படியென்றால் அவனுக்கு நோய் இல்லையா? மூளையே வேறு என்றால் குணமாகுமா?
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: நீங்கள் படித்ததும் உண்மை, உங்கள் கையிலுள்ள அறிக்கையும் உண்மை. எனிக்மா என்ற பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பு 2017-இல், ஓசிடி உள்ள 1,830 பேரின் ஸ்கேன்களை நோயில்லாத 1,759 பேரின் ஸ்கேன்களோடு ஒப்பிட்டது. வயதுவந்த நோயாளிகளிடம் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சராசரியில் சற்றுச் சிறிதாகவும், பாலிடம் என்ற பகுதி சற்றுப் பெரிதாகவும் இருந்தன. மருந்து உட்கொள்ளாத சிறுவர்களிடம் தலாமஸ் என்ற பகுதி சற்றுப் பெரிதாக இருந்தது. இங்கே ‘சராசரி’, ‘சற்று’ என்ற இரண்டு சொற்களையும் விட்டுவிட்டுப் படித்தால் வீண் பயம்தான் மிஞ்சும். இரண்டு ஊர் ஆண்களின் சராசரி உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தால், தெருவில் எதிரே வருகிறவரின் உயரத்தை வைத்து அவர் எந்த ஊர்க்காரர் என்று சொல்ல முடியுமா? ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே தெரிகிற வேறுபாடு இது. உங்கள் மகனின் படத்தில் அதைக் காண இயலாது. இந்த நோயை, அவரோடு உட்கார்ந்து பேசித்தான் மருத்துவர் கண்டறிகிறார்.

வேறுபாடு மூளையின் அளவைவிட, அது வேலை செய்யும் விதத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. ‘ஏதோ தவறு நடந்திருக்கிறது’ என்ற எச்சரிக்கை, கண்குழிகளுக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதியிலிருந்து காடேட் என்ற ஆழ்பகுதிக்கும், அங்கிருந்து தலாமஸுக்கும் போய், மறுபடி முன்மூளைக்கே வந்து சேர்கிறது. நம் சித்திரைத் தேர் மாசி வீதிகளைச் சுற்றிவந்து நிலைக்கு வருவதுபோல, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்ததும் நம் எல்லோருக்கும் அந்த எண்ணம் நிலைக்கு வந்துவிடுகிறது. உங்கள் மகனுக்கு அது வருவதில்லை. பூட்டின் குளிர்ச்சியைக் கை உணர்ந்த பிறகும், ‘முடிந்தது’ என்ற நிறைவு மனதுக்குக் கிட்டாததால்தான் அவர் திரும்பிப் போகிறார். சோம்பலோ பிடிவாதமோ இதற்குக் காரணமில்லை. தயவுசெய்து உறவினர்களிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

குணமாகுமா என்பதற்கு, 1992-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு எப்போதும் நம்பிக்கை தருகிறது. ஃபுளூவாக்ஸெட்டின் மாத்திரையால் தேறியவர்களுக்கும், மாத்திரையே இல்லாமல் நடத்தைப் பயிற்சியால் தேறியவர்களுக்கும், காடேட் பகுதியின் மிகைச் செயல்பாடு ஒரே விதமாகக் குறைந்திருந்தது. மூளையைப் பயிற்சியாலும் மாற்ற முடியும் என்பதைப் படமாகவே காட்டிய ஆய்வு அது. மாத்திரையின் முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம் என்பதால், இரண்டு வாரத்தில் பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

பயிற்சி என்பது, ஒருமுறை பூட்டிவிட்டு, பதற்றம் ஏறினாலும் திரும்பிப் போகாமல் அது தானே தணியும்வரை பொறுத்திருப்பது. இதை உளவியல் நிபுணரின் துணையோடு, எளிதானதிலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் செய்ய வேண்டும். அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. “மூடிட்டேன்ப்பா” என்று நீங்கள் பத்தாவது முறை சொல்லும்போது அவருக்கு ஒரு நிமிடம் நிம்மதி கிடைக்கிறது. பதினோராவது கேள்வியும் அதிலிருந்தே பிறக்கிறது. மகனிடம் முன்கூட்டியே பேசி அவர் சம்மதத்தோடு, ஒருமுறைக்குமேல் கேட்டால், “உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கப்பா” என்று மட்டும் சொல்லுங்கள்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. இரவு நேரத்தில் ஆலோசனை தேவைப்பட்டால் டெலி மானஸ் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். மருத்துவமனைக்குப் போகும்போது ஸ்கேன் படத்தைவிட, ஒரு நாளில் எத்தனை முறை, எவ்வளவு நேரம் இதில் கழிகிறது என்று நீங்களும் அவரும் ஒரு வாரம் எழுதிவைத்த தாள் மருத்துவருக்கு அதிகம் உதவும்.