யாழ்ப்பாணத்து 'ஓம்' சம்மதமாகுமா?

மதிப்பிற்குரிய ஐயா,

விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான நடத்தைச் சிகிச்சை பற்றிய உங்கள் கட்டுரையில் 'பண்பாட்டுப் பணிவு' என்ற சொல் பல இடங்களில் வந்தது. நான் இரண்டு ஆண்டுகளாக வலிகாமத்தில் வீடுகளுக்குச் சென்று ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். அமெரிக்காவில் வெள்ளையர் ஒருவர் வேற்றினத்தவருக்குச் சிகிச்சை செய்யும்போது அந்தப் பணிவு தேவைப்படலாம். நானும் இந்தத் தாய்மாரும் ஒரே மொழி பேசுகிறோம், ஒரே கோயிலுக்குப் போகிறோம். இங்கே அதற்கு என்ன வேலை?

சம்மதத்தைப் பொறுத்தவரை, பெற்றோரிடம் படிவத்தில் கையொப்பம் வாங்கிவிடுகிறோம். ஆறு வயதான, பேச்சு வராத பிள்ளையிடம் எதைக் கேட்பது? நான் போகும் ஒரு வீட்டில், என் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளை மேசைக்குக் கீழே போய்ப் படுத்துவிடுவான். தாய் இழுத்து வந்து கதிரையில் இருத்துவார். அரைமணி நேரத்தில் அடங்கிவிடுகிறான். பிறகு பயிற்சி நன்றாகவே நடக்கிறது. இதில் நான் என்ன பிழை விடுகிறேன்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
வலிகாமம்

அன்புள்ள சகோதரிக்கு,

1998இல் மெலனி டெர்வலோன், ஜான் மரே-கார்சியா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 'பண்பாட்டுப் பணிவு' என்ற சொல்லை ஒரு கட்டுரையில் முன்வைத்தார்கள். பிறருடைய பண்பாட்டைப் பாடத்திட்டம்போலப் படித்து முடித்துத் தேர்ச்சி பெற்றுவிடலாம் என்ற எண்ணத்தை அவர்கள் மறுத்தார்கள். சிகிச்சை தருபவர் தம்மை ஆயுள் முழுவதும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதும், தமக்கும் நோயாளிக்கும் இடையிலுள்ள அதிகார ஏற்றத்தாழ்வைக் குறைக்க முயல வேண்டும் என்பதுமே அவர்களுடைய வாதம். தமிழில் அதைப் 'பணிவு' என்று எழுதும்போது எனக்கே ஒரு தயக்கம் உண்டு. நம்மிடையே பணிவு எப்போதும் கீழிருந்து மேலே செல்வது. பிள்ளை பெரியவருக்கும் நோயாளி டொக்டருக்கும் காட்டுவது. இங்கே அது மேலே இருப்பவரிடம் கேட்கப்படுகிறது.

ஒரே கோயில் என்கிறீர்கள். உண்மைதான், ஆனால் அந்த வீட்டுக்கு நீங்கள் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கோப்புமாகப் போகிறீர்கள். உங்களைவிட மூத்தவராக இருந்தாலும் அந்தத் தாய் உங்களை 'மிஸ்' என்றே அழைப்பார். முற்றத்தைக் கூட்டி, இருப்பதில் நல்ல கோப்பையில் தேநீர் தருவார். நீங்கள் எதைச் சொன்னாலும் 'ஓம் மிஸ்' என்பார். யாழ்ப்பாணத்து 'ஓம்' ஒரு விசித்திரமான சொல். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் ஓம். விளங்கவில்லை, ஆனாலும் உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை என்பதற்கும் ஓம். சரி, நேரமாகிறது, எழும்புங்கள் என்பதற்கும் ஓம். மறுப்பைச் சொல்லவோ நமக்கு வேறு வழிகள் இருக்கின்றன.

இதை நான் பிழைவிட்டுத்தான் அறிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், உளவளத்துணையாளராக இருந்த காலத்தில், வடமராட்சியில் ஒரு வீட்டுக்குப் போய்வந்தேன். நான்கு வயதுப் பெண்பிள்ளை. படங்களில் பந்தைச் சரியாகத் தொட்டால் ஒரு துண்டு விசுக்கோத்து கொடுப்போம். பரிசுக்கு வலு இருக்க வேண்டும் என்பதற்காக, நான் வரும்வரை காலைச் சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்று தாயிடம் சொல்லியிருந்தேன். அவரும் 'ஓம்' என்றிருந்தார். இரண்டாம் கிழமை அம்மம்மா குசினி வாசலில் நின்று சொன்னார்: "தம்பி, சாப்பாட்டைக் காட்டிப்போட்டு மறைக்கிறது நாய்க்குக்கூடச் செய்யப்படாது." நான் சிரித்துச் சமாளித்துவிட்டு, என் குறிப்பேட்டில் 'பாட்டியின் தலையீட்டைக் குறைக்க வேண்டும்' என்று எழுதினேன். அடுத்த கிழமை படலை பூட்டியிருந்தது. கோயிலுக்குப் போய்விட்டார்கள் என்றார் அயலவர். அதற்கடுத்த கிழமையும் கோயில். வேண்டாம் என்று ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்த அம்மம்மா சொன்னதைக் கேட்க இத்துறையிலேயே ஒரு முறை இருந்தது என்பதை நான் பிந்தித்தான் படித்தேன். நடத்தைச் சிகிச்சைக்கு அடிப்படையான பிரயோக நடத்தைப் பகுப்பாய்வு என்ற துறையை உருவாக்கியவர்களில் ஒருவரான மொன்ட்ரோஸ் வுல்ஃப் 1978இல் 'சமூக ஏற்புடைமை' பற்றி எழுதினார்: சிகிச்சையின் இலக்கு, செய்முறை, விளைவு ஆகிய மூன்றையும் அதைப் பெறுபவர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் ஏற்கிறார்களா என்று அவர்களிடமே கேட்க வேண்டும். அவ்வாறு கேட்காமல் நடந்தவற்றையும் இத்துறை மறைக்க முடியாது. அமெரிக்க உளவியலாளர் ஐவர் லோவாஸ் 1960களில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார். வாரத்துக்கு 40 மணிநேரப் பயிற்சியால் புகழ்பெற்ற அவருடைய 1987ஆம் ஆண்டு ஆய்விலும் அதட்டலும் தொடையில் அடியும் செய்முறையின் பகுதிகளாக இருந்தன.

இலக்குக்கு வருவோம். 'கண்ணைப் பார்த்துப் பேசுதல்' என்பது பழைய பயிற்சித் திட்டங்களில் அநேகமாக முதல் வரிசையில் இருக்கும். நம் வீடுகளில் பெரியவர் ஏசும்போது கண்ணைப் பார்க்கிற பிள்ளைக்கு 'என்ன முறைக்கிறாய்?' என்று இன்னொன்றும் விழும். அந்த இலக்கை எழுதுமுன், இந்த வீட்டில் அது யாருக்கு வேண்டும் என்று கேட்டீர்களா? தாய்க்கு வேண்டியது, பிள்ளை தானாகக் கழிப்பறைக்குப் போவதாக இருக்கலாம்.

கையொப்பத்தைப் பற்றி. 'மௌனம் சம்மதம்' என்ற பழமொழி இந்த வேலைக்கு ஆகாது. படிக்காமல் வைத்த கையொப்பம் மௌனத்தைவிடப் பெரியதல்ல. ஆங்கிலப் படிவத்தை வரிக்கு வரி தமிழாக்கிய அந்தத் தாள்களை நானே இரண்டு தடவை வாசித்துத்தான் விளங்கிக்கொள்வேன். படிவத்தை மூடிவைத்துவிட்டுத் தாயிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மாமியிட்ட இதை என்னெண்டு சொல்லுவியள்?" அவர் சொல்லும் பதிலில், அவருக்கு எது விளங்கியது, எதற்குப் பயப்படுகிறார் என்பதெல்லாம் வந்துவிடும். எந்த நாளும் நிறுத்தலாம், நிறுத்தினால் எனக்குக் கோபமில்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடிவெடுப்பவர் அவராக இல்லாமல், கனடாவிலிருந்து இரவில் வாட்ஸ்அப்பில் அழைக்கும் தகப்பனாகவும் இருக்கலாம். போரின் பாதிப்பைத் தனிமனிதரின் நோயாக மட்டுமன்றி, குடும்பத்தினதும் சமூகத்தினதும் காயமாகவும் பார்க்க வேண்டும் என்று உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதிவந்தார். சம்மதம் கேட்கும்போதும் அதே விரிவு தேவை. ஆனால் குடும்பத்தின் சம்மதத்துக்குள் பிள்ளையின் மறுப்பு காணாமற்போகக் கூடாது.

'அடங்கிவிடுகிறான்' என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பிக்க முடியாது என்று அறிந்த பிள்ளை தப்பிக்க முயல்வதை விட்டுவிடும்; உங்கள் பதிவேட்டில் அது முன்னேற்றமாகத் தெரியும். தன் மறுப்புக்கு இந்த வீட்டில் பலனில்லை என்பதையும் அவன் அதே அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்கிறான். ஓட்டிசம் உள்ள பிள்ளையை நாளை வேறொருவர் தவறாகத் தொட்டால், அவன் மறுத்துக் காட்ட வேண்டாமா? 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள அமெரிக்க நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றளிப்புச் சபையின் ஒழுக்கக்கோவை, முறையான ஒப்புதல் தர இயலாதவர்கள் சொல்லாலோ சொல்லில்லாமலோ காட்டும் இசைவைத் தனியாகவே வரையறுக்கிறது. பேச்சு வராத அந்தப் பையன் மேசைக்குக் கீழே படுப்பது, அவனுக்குத் தெரிந்த மொழியில் ஒரு முழு வாக்கியம். காங்கேசன்துறை வீதியில் பஸ்ஸுக்கு முன்னால் ஓடுகிற பிள்ளையிடம் யாரும் இசைவு கேட்கமாட்டார்கள், இழுத்தெடுப்போம். படத்தில் பந்தைத் தொடுவது அப்படிப்பட்ட அவசரமில்லை.

அடுத்த முறை ஸ்கூட்டியை ஒழுங்கை முகப்பிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். இழுத்து வரவேண்டாம் என்று தாயிடம் முதலே சொல்லிவிடுங்கள். அவருக்கு அது பெரிய ஆறுதலாகக்கூட இருக்கலாம். படஅட்டைகளைப் பையிலிருந்து எடுக்காமல், மேசையிலிருந்து எட்டத் தள்ளி நிலத்தில் இருந்து, அவனுக்குப் பிடித்த எதையாவது நீங்களே வைத்து விளையாடுங்கள். எத்தனையாம் நிமிடத்தில் அவன் தானாக வெளியே வருகிறான் என்பதை மட்டும் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வராவிட்டால் தேநீரைக் குடித்துவிட்டு, தாயோடு கொஞ்ச நேரம் கதைத்துவிட்டுத் திரும்புங்கள். மூன்று கிழமை கழித்து எனக்கு எழுதுங்கள்.