உயரத்து ஊரில் முதல் மழைக்காலம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

செங்கோட்டைக்காரன் நான். ஜூன் மாதம் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் விரிவுரையாளராக வேலைக்குச் சேர்ந்து குடும்பத்தோடு குடியேறினேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நடுராத்திரியில் திணறி விழிக்கிறேன். மழையும் குளிரும் விடவில்லை. பருப்பு வேகமாட்டேன் என்கிறது, இட்லி மாவு பொங்கமாட்டேன் என்கிறது. மனைவிக்கு எந்நேரமும் அசதி. ஊருக்கே போய்விடலாம் என்கிறாள். நாற்பது வயதுக்குள் எனக்கு உடம்பு தளர்ந்துவிட்டதா? அங்கே ஆசிரியராக இருந்தவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன்.
க.

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் பயத்தை விடுங்கள். நீங்கள் இருக்கும் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியைவிட நூறு மீட்டர் கூடுதல். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 விழுக்காடுதான். ஆனால் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது. அதனால் உடம்பு வேகமாக மூச்சு விடுகிறது. தூக்கத்தில் அந்தத் தாளம் சற்றுத் தடுமாறும்போதுதான் திணறி விழிக்கிறீர்கள். சிறுநீரகம் ரத்தத்தைக் கெட்டிப்படுத்த நீரை வெளியேற்றும். எலும்பு மஜ்ஜை ஆக்சிஜனைச் சுமக்கும் புதிய சிவப்பணுக்களை உண்டாக்கி முடிக்க வாரக் கணக்கில் ஆகும். அதுவரை நிதானமாக ஏறுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், படுக்கப்போகும் நேரத்தில் மது வேண்டவே வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, வந்து பல வாரங்கள் ஆகியும் இந்தத் திணறல் குறையாவிட்டாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

எனக்குக் கவலை உங்கள் மனைவியைப் பற்றித்தான். உங்கள் மூச்சைப் பற்றி விரிவாக எழுதிய நீங்கள் அவருடைய அசதியை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். புதிய சிவப்பணு உண்டாக இரும்புச்சத்து வேண்டும். நம் பெண்களில் பெரும்பாலோர் ரத்தசோகையைச் சுமந்துகொண்டே வீட்டு வேலை பார்ப்பவர்கள். சமவெளியில் அது வெளியே தெரியாது, மலை ஏறியதும் தெரிந்துவிடும். இந்த வாரமே அவருக்கு ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். சாப்பாட்டோடு காப்பியோ தேநீரோ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். காப்பி பிறந்த நாட்டில் இருந்துகொண்டு இதைச் செய்வது கடினம்தான், செய்ய வேண்டும்.

அடுப்பங்கரைக்கு வருகிறேன். அங்கே தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு தளதளவென்று கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு மலரவே மலராது. முதல் நாள் இரவே ஊறவைத்து, குக்கரில் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்புக்கு அருகில் வையுங்கள். அதைவிட நல்ல வழி, அண்டை வீட்டு இன்ஜெராவைச் சாப்பிடப் பழகுவது. டெஃப் என்னும் சிறுதானியத்தின் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, அகலமான கல்லில் வட்டமாக ஊற்றி, மூடிபோட்டு வேகவைக்கிறார்கள், திருப்பிப் போடுவதில்லை. மேற்பரப்பு முழுவதும் கண் கண்ணாகத் திறந்திருக்கும், நம் ஆப்பத்தை நினைவூட்டும் புளிப்பு. புதன், வெள்ளி அங்கே நோன்பு நாட்கள். இறைச்சியும் பாலும் கலக்காத பருப்பும் கீரையும் உணவகங்களில் தாராளமாகக் கிடைக்கும். சைவம் கிடைக்கவில்லை என்று சொல்லிக் காலமெல்லாம் ஊறுகாய்ப் புட்டியோடு வாழ்ந்தவர்களைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

மணிக்கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். அங்கே பொழுது விடிவதிலிருந்து எண்ணுவார்கள். வீட்டுக்காரர் இரண்டு மணிக்கு வருகிறேன் என்றால் அது நம் காலை எட்டு மணி. விடியலிலிருந்து நாழிகை எண்ணிய பரம்பரைக்கு இது அந்நியமானதல்ல.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆரியங்காவுக் கணவாய் வழியே நமக்குச் சாரல் வரும் அதே ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் அங்கே கிரெம்ட் என்னும் பெருமழைக்காலம். ஆனால் நம் சாரல் வந்து நனைத்துவிட்டுப் போய்விடும், இடையிடையே வெயில் அடிக்கும். அங்கே பகலெல்லாம் மூட்டம், சில மாலைகளில் ஆலங்கட்டி. வீடுகளைச் சூடேற்றும் ஏற்பாடும் பெரும்பாலும் இருக்காது. குடியேற ஆண்டிலேயே கடினமான மாதங்களில் போய் இறங்கியிருக்கிறீர்கள். செப்டம்பர் 11 அவர்களுக்குப் புத்தாண்டு. அதையொட்டி மழை விலகும், சரிவெங்கும் மஞ்சள் பூ பூக்கும். அந்த வெயிலில் சில வாரம் இருந்து பாருங்கள். திரும்புவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அவர் அப்போதும் வேண்டாம் என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள். அதற்கு முன் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

விடுமுறைக்குச் செங்கோட்டை வந்து சில வாரம் தங்கினால் கூடியிருக்கும் சிவப்பணு மெல்லக் குறையும். திரும்பிப் போனதும் முதல் சில நாட்கள் மறுபடி மூச்சு வாங்கும். அந்த வாரத்தில் பெரிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி