ஜெர்மன் கிண்டர்கார்ட்டனில் வாய் திறக்காத மகள்: வீட்டில் தமிழை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: கணவரின் வேலைக்காக மதுரையிலிருந்து ஸ்டுட்கார்ட் வந்தோம். மகளுக்கு மூன்றரை வயது. நான்கு மாதமாகக் கிண்டர்கார்ட்டன் போகிறாள். வீட்டில் ஓயாமல் பேசுபவள், அங்கே ஒரு வார்த்தை பேசுவதில்லை. டப்பாவில் வைத்த சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறது. வீட்டில் நான்தான் ஊட்டுகிறேன், எங்களோடுதான் தூங்குகிறாள். 'அவளே செய்து பழகட்டும்' என்கிறார் ஆசிரியை. 'இனி வீட்டில் ஜெர்மன்தான்' என்கிறார் கணவர். ஊரிலிருந்து மாமியார், 'ரெண்டு போடு, தானா சாப்பிடுவா' என்கிறார். எதை மாற்றுவது?

பதில்: தமிழை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இதை உங்கள் கணவரிடமும் அழுத்தமாகச் சொல்லுங்கள்.

புது மொழிக்கு நடுவே வந்து சேரும் இந்த வயதுக் குழந்தைகளில் பலர் சில மாதங்கள் பேசாமலே இருப்பார்கள். ஆனால் காது மூடியிருக்காது. யார் எப்போது என்ன சொல்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருப்பார்கள். 'ஏம்மா மழை பெய்யுது?' என்று தமிழில் கேட்டு, பதிலிலிருந்து அடுத்த கேள்விக்குத் தாவத் தெரிந்தவள், அதே திறமையோடுதான் ஜெர்மனுக்கும் போவாள். நீங்கள் இருவரும் தட்டுத் தடுமாறி ஜெர்மனில் பேசத் தொடங்கினால், அவளோடு உங்களுக்கு மிஞ்சுவது 'வா, சாப்பிடு, தூங்கு' மட்டும்தான். அவளுக்கு ஜெர்மன் வர வேண்டியது மற்ற குழந்தைகளிடமிருந்து. வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடும் ஒரே ஒரு குழந்தையை மாலையில் வீட்டுக்கு அழையுங்கள். கூட்டத்தில் பேசாதவள் தன் பொம்மைகளுக்கு நடுவே பேசிவிடுவாள்.

ஆசிரியையிடம் ஒரு தாள் கொடுங்கள். தண்ணி, உச்சா, வலிக்குது, அம்மா வருவாங்க என்று அவள் சொல்லும் சொற்களை ஜெர்மன் எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளையும் குறியுங்கள். அவசரத்துக்குத் தன் சொல் புரியும் என்று தெரிந்தால் குழந்தைக்குப் பாதி பயம் போய்விடும்.

எப்போது கவலைப்பட வேண்டும்? பூங்காவில் தமிழ்க் குழந்தைகளைப் பார்த்தாலும் வாயடைத்துப் போகிறாளா, கிண்டர்கார்ட்டனில் கை காட்டிக் கேட்பதும் சிரிப்பதும்கூட இல்லையா என்று பாருங்கள். அப்படியென்றால் காரணம் மொழி மட்டும் அல்ல. குழந்தை மருத்துவரிடம் தாமதிக்காமல் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் ஆசிரியை சொல்வதில் நியாயம் இருக்கிறது. அங்கே யாரும் 'இன்னும் ஒரு வாய்' என்று பின்னால் வரமாட்டார்கள். டப்பாவைத் திறந்து, எடுத்து, கடிப்பது எல்லாம் அவள் வேலை. அதனால் காலை உணவை மட்டும் அவள் கையிலேயே விட்டுவிடுங்கள். சிந்தட்டும், மிச்சம் வைக்கட்டும். டப்பாவில் பொடி தடவிய குட்டி இட்லி, சுருட்டிய சப்பாத்தி, வெள்ளரித் துண்டு போலக் கையால் எடுத்துத் தின்பதாக வையுங்கள். வீட்டிலும் அதே டப்பாவைத் திறந்து பழகட்டும். இரவில் மடியில் வைத்துப் பருப்புச் சோறு ஊட்டுவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அது உங்கள் இருவருக்குமான நேரம்.

ஒன்றாகத் தூங்குவது பற்றிப் பதற்றமே வேண்டாம். குழந்தையோடு படுக்கும் ஜெர்மன் குடும்பங்களும் உண்டு. நேரத்தை மட்டும் பாருங்கள். காலையில் சீக்கிரம் எழ வேண்டிய குழந்தை இரவு பத்து வரை விழித்திருந்தால் மறுநாள் பசியும் இருக்காது, பேச்சும் இருக்காது.

அடிப்பது மட்டும் கூடவே கூடாது. ஜெர்மனியில் 2000-ஆம் ஆண்டு முதல், அடி இல்லாமல் வளர்வது குழந்தையின் சட்டபூர்வ உரிமை. பெற்றோரின் அடிக்கும் அதில் விலக்கில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் இதையே சொல்வேன். சாப்பாட்டுக்காக அடி வாங்கிய குழந்தைக்குச் சாப்பாட்டைக் கண்டாலே பயம் வரும். மாமியாரிடம் வாதாட வேண்டாம். 'அத்தை, இவளுக்குத் தினமும் ஒரு கதை சொல்லுங்க' என்று வீடியோ அழைப்பில் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். எடையையும் சாப்பாட்டையும் பற்றிய பேச்சைக் குழந்தை தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு வயதை ஒட்டி யு8 என்ற மருத்துவப் பரிசோதனை வரும். அதில் செவித்திறனும் பேச்சும் பார்க்கப்படும். அவள் தமிழில் எவ்வளவு நீளமான வாக்கியம் பேசுகிறாள், என்னென்ன கேள்வி கேட்கிறாள் என்று முன்கூட்டியே எழுதிக் கொண்டுபோங்கள். ஜெர்மனை மட்டும் வைத்து அவள் பேச்சை அளக்க வேண்டாம் என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.