இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் 'மாப்பிள்ளைச் சம்பா' என்று தேடினால் ஒன்றும் வரவில்லையே, யாரும் ஆராயவில்லையா?

ஆராய்ந்திருக்கிறார்கள். உங்கள் ஆய்வுத் தலைப்பை மாற்றிவிடாதீர்கள்.

பெரும்பாலும் தேடும் விதத்தில்தான் கோளாறு. நெல் ஆய்வேடுகளின் தலைப்புகளை ஆங்கிலத்தில்தான் பதிந்திருப்பார்கள், அதிலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். தமிழில் எழுதிய ஆய்வேடு என்றால் இன்னும் சிக்கல்: பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததையோ ஸ்கேன் செய்ததையோ தேடுபொறியால் படிக்க முடியாது.

1. ஆங்கில எழுத்தில் 'சம்பா'வை மட்டும் போடுங்கள். அப்புறம் 'பாரம்பரிய நெல்' என்பதை ஆங்கிலத்தில்.

2. வேளாண்மையோடு நிறுத்தாதீர்கள். இதே அரிசியை உயிர்வேதியியலார் சர்க்கரை நோய்க்காக ஆராய்வார்கள், உணவியலார் நார்ச்சத்துக்காக, பொருளியலார் விலைக்காக.

3. வேளாண் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு கிருஷிகோஷ் என்று தனிக் களஞ்சியமே இருக்கிறது.

ஒன்று கிடைத்தாலும் போதும். சோத்கங்காவில் கோப்புகள் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிந்திருக்கும். துணைநூல் பட்டியலை மட்டும் முதலில் திறந்து பாருங்கள், நாலைந்து ஆய்வுகளின் பெயர்களாவது சிக்கும்.

ஒரு எச்சரிக்கை: ஆய்வேடுகளை மின்வடிவில் தரவேண்டும் என்ற பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதி 2009இல்தான் வந்தது. அதற்கு முந்தையவை பலவும் பல்கலைக்கழக நூலக அலமாரியில்தான் இருக்கும். அங்கே கேட்காமல் 'இதுவே முதல் ஆய்வு' என்று முன்மொழிவில் எழுதிவிடாதீர்கள். வாய்மொழித் தேர்வில் பிடித்துக்கொள்வார்கள்.